நீங்கள் எங்கே நிற்பீர்கள், டாக்டர்?

அன்று காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அம்மா. இன்னொருவர் மாரிக்கனி அக்கா. எங்கள் கம்பெனியில் என் லைனில் வேலை பார்ப்பவர். நைட் ஷிப்ட் முடிந்து படப்பையில் இருக்கும் தன் ரூமுக்குக்கூடப் போகாமல், யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார். இல்லாதவர் அப்பா.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது தலையை இரண்டு பக்கமும் திருப்பித் தேடினேன். திருப்பினால்தான் தெரியும். பக்கவாட்டில் வருவது எதுவும் அப்போது என் கண்ணுக்கு அகப்படாது.

"அப்பா எங்கம்மா?"

"வெளிய கீறாரு. நீ போய்ட்டு வா," என்றார் அம்மா, கடைக்கு அனுப்புகிற மாதிரி.

எனக்கு வந்தது பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. இப்படி ஒரு சுரப்பி இருப்பதே பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்வியாகத்தான் எனக்குத் தெரியும். மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னால், எலும்பில் ஒரு சின்னக் குழி. அதில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு சுரப்பி. உடம்பு எவ்வளவு வளர வேண்டும் என்று அதுதான் சொல்லும். அதில் கட்டி வந்தால், வளர்ந்து முடித்த ஆளையும் அது வளரச் சொல்லும். உயரமாக முடியாது, எலும்பின் முனைகள் மூடியிருக்கும். அதனால் கை, கால், தாடை, நாக்கு என்று அகலத்தில் வளரும்.

அது முதலில் என் ஷூவில் தெரிந்தது. யாரும் அதை நோய் என்று நினைக்கவில்லை. நான் நினைக்காததுதான் பெரிய வேடிக்கை.

கம்பெனியில் சேரும்போது எனக்குக் கொடுத்த சேஃப்டி ஷூ எட்டாம் நம்பர். இரண்டு வருஷத்தில் ஒன்பது, பிறகு பத்து. ஸ்டோர்ஸ் பெருமாள் அண்ணன் ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கும்போது, "இன்னா தம்பி, இன்னும் வளர்ற வயசா? உங்கம்மா இன்னா போட்றாங்க சோத்துல?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஷூ சப்ளை செய்பவர்கள் அளவில் ஏமாற்றுகிறார்கள் என்று முடிவு செய்தேன்.

வீட்டில் முதலில் படித்தவன் நான், டிப்ளமா மெக்கானிக்கல். படித்ததை எங்கேயாவது காட்ட வேண்டாமா? வெர்னியர் அளவுகோல் வைத்து மூன்று ஜோடி ஷூவை உள்ளே அளந்தேன், போட்டோ எடுத்தேன். கம்பெனியில் எந்தக் கோளாறு வந்தாலும் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு எழுதுவது வழக்கம். அதையும் எழுதினேன். ஷூ ஏன் இறுக்குகிறது? உள் அளவு குறைவு. ஏன் குறைவு? அச்சு தேய்ந்திருக்கலாம். இப்படி நாலு பக்கம். மேனேஜர் பாராட்டினார். அந்த சப்ளையருக்கு ஆர்டர் நின்றது. ஐந்து 'ஏன்' கேட்டவன், என் காலை ஒரு முறைகூட அளக்கவில்லை.

அடுத்து கேட்டில் இருக்கும் மெஷின். முகத்தைக் காட்டினால் வருகை பதிவாகும். என் முகத்தை அது ஒப்புக்கொள்ளவில்லை, சிவப்பு விளக்கு எரிந்தது. எச்.ஆர். ஆட்கள் என் முகத்தை மறுபடி பதிவு செய்தார்கள். ஏழெட்டு மாதத்தில் மீண்டும் சிவப்பு. வெயில் அடிக்கிறது என்று மெஷினையே இரண்டடி தள்ளி மாட்டினார்கள். மூன்றாவது முறை பதியும்போதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆபரேட்டர் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. கை எவ்வளவு தூரம் நீளும், பாகம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், ஒரு சுற்றுக்கு எத்தனை அடி எடுத்து வைக்கிறார்கள் என்று கணக்கிட்டு, தரையில் மஞ்சள் பெயின்டில் இரண்டு பாதம் வரைவேன். அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

மாரிக்கனி அக்கா சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஐந்தடிக்கும் குறைவு. அவருக்கு ஸ்டேஷன் பதினான்கு.

"சார், எட்டல சார். இந்த மார்க்குல நின்னா தோள்பட்டை கழண்டு போகுது."

"எல்லா ஷிப்டுக்கும் சேர்த்து சராசரி போட்டது, அக்கா. மார்க்குல நில்லுங்க."

"சராசரி வந்து ஸ்க்ரூ மாட்டுமா சார்? நான்லா மாட்டுதேன்."

பக்கத்து ஸ்டேஷனில் சிரித்தார்கள். நான் காதில் வாங்காதது போல நடந்தேன். ஆடிட் நெருங்கியிருந்தது.

ஒரு மதியம், நானே கோடு போட்ட நடைபாதையில் நடந்துகொண்டிருந்தபோது வலப்பக்கம் வந்த டிராலி என்னை இடித்துத் தள்ளியது. ஓட்டி வந்த பையன் ஹார்ன் அடித்திருக்கிறான். ஹார்ன் கேட்டது. டிராலி தெரியவில்லை. எழுந்து நின்றபோது மாரிக்கனி அக்கா எதிரே வந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தார்.

"சார், என் கை தெரியுதா?"

"உங்க முகம் தெரியுது."

"கையைக் கேட்டேன் சார்."

தெரியவில்லை.

கம்பெனி முதலுதவி அறைக்கு வாரம் இரண்டு நாள் வரும் டாக்டர் என் முழங்காலைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டைக் கேட்டு வாங்கினார். நாலு வருஷத்துக்கு முந்தைய போட்டோ. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்கதானா?" என்றார். மெஷின் மூன்று முறை கேட்ட கேள்வி.

அதற்குப் பிறகு நடந்தவை என் கையில் இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன். சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை உள்ளே போனால் வளர்ச்சி ஹார்மோன் இறங்க வேண்டும், எனக்கு இறங்கவில்லை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் எல்லாவற்றுக்கும் அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். காகிதம் வந்தபோது இரண்டு கண்ணிலும் வெளிப்பாதி கறுப்பு. கட்டி மேலே வளர்ந்து கண் நரம்புகள் சேரும் இடத்தை அழுத்துகிறது, எடுக்காவிட்டால் மீதிப் பாதியும் போகும், எடுத்தாலும் போனது திரும்பும் என்று உறுதியில்லை என்றார்கள். கண் இல்லாதவனுக்கு மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் இடம் இல்லை. அது யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும்.

தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. காப்பீடு இருந்திருந்தால் செலவு மிச்சம். ஜூனியர் இன்ஜினியர் ஆனபோது சம்பளம் அதன் வரம்பைத் தாண்டிவிட்டது. அன்றைக்குத் தெருவுக்கே கேசரி கொடுத்தோம்.

கம்பெனி இன்சூரன்ஸ் செல்லும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. செய்யப்போகிறவர் ஒரு பெண் டாக்டர். அறைக்குள் வந்தபோது முதலில் நர்ஸ் என்று நினைத்தேன். மாரிக்கனி அக்கா உயரம்தான் இருப்பார். மூக்கு வழியாக எடுப்போம், மண்டையைத் திறக்க மாட்டோம் என்று விளக்கினார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

நோயாளிகள் கேட்கிற கேள்விகள் எனக்கு வரவில்லை. தெரிந்த தொழிலில் இருந்து ஒன்றுதான் வந்தது.

"நீங்க எங்க நிப்பீங்க, டாக்டர்?"

அவர் பேனா மூடியைத் திறந்தார். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல," என்று மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்தார்.

படுத்திருப்பது நான். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். தலை நெஞ்சைவிட மேலே இருந்தால் ரத்தக் கசிவு குறையும். முகம் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பியிருக்கும், ஏனென்றால் அவர் நிற்பது என் வலது தோளோரம். காது மூக்கு தொண்டை டாக்டர் அவருக்கு எதிரே இடப்பக்கம் நின்று கேமராவைப் பிடிப்பார். என் தலைக்குப் பின்னால் டிவி. இரண்டு பேரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், டிவியைப் பார்ப்பார்கள். வழக்கமாகத் தலைமாட்டில் இருக்கும் மயக்க டாக்டர் இவர்களுக்கு இடம் விட்டுக் கால்பக்கம் போய்விடுவார். இரண்டு மூக்குத் துளையில் நாலு கை.

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரம். சில பேர் உக்காந்து செய்வாங்க. நான் நின்னுதான். எனக்கு ஒரு சிக்கல் இருக்கு. உங்க நெஞ்சு அகலம். அதைத் தாண்டி என் கை வரணும். அதனால ஸ்டூல் போட்டுப்பேன்."

"ஸ்டூல் இல்லாட்டி?"

"தோள் தூக்கும். தோள் தூக்கினா முழங்கை தூக்கும். அரை மணியில கை களைச்சுடும். கட்டிக்கு ரெண்டு பக்கமும் பெரிய ரத்தக்குழாய் ஓடுது, மேல கண் நரம்பு." பேனாவை மூடினார்.

எனக்குப் பதினான்காம் ஸ்டேஷன் ஞாபகம் வந்தது.

வல்லம் வடகாலில் எங்கள் வீட்டு ஹாலில் அந்தச் சீட்டை விரித்தேன். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். அப்பாவுக்குப் பேரைக் கையெழுத்தாகப் போட வரும், எண்கள் வரும். ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. கோட்டுப் படம் இருவருக்கும் புரியவில்லை. நான் தரையில் தலையணை வைத்துப் படுத்துக்கொண்டேன்.

"அப்பா, நீதான் டாக்டர். என் வலது தோள் கிட்ட நில்லு. அம்மா, நீ அந்தப் பக்கம். உன் கையிலதான் கேமரா."

அம்மா செல்போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு என் மூக்கருகே குனிந்தார். "இம்மாந்துண்டு ஓட்டைலயா? சளி புடிச்சா நீயே மூச்சு வுட முடியாம கத்துவ."

"அங்க பாக்காதம்மா. டிவியப் பாரு."

"புள்ள இங்க கீறான், நான் டிவி பாக்கவா?"

அப்பா டூட்டியில் நிற்பது போலக் கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்று என்னைக் குனிந்து பார்த்தார். "எம்மா நேரம் நிப்பாங்க அந்தம்மா?"

"நாலு மணி நேரம்."

"உக்கார மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அம்மா டார்ச்சை அணைத்தார். "சரிடா. நெஜமா அன்னிக்கு நான் எங்க நிக்கிறது?"

படத்தில் அதற்கு இடம் இல்லை.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று மாலை சம்மதப் படிவம் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன், குடும்பத்தில் ஒருவரும் போட வேண்டும் என்றார்கள். தமிழில்தான் இருந்தது. அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். என் ஆபரேஷனில் என்னவெல்லாம் தவறலாம் என்று என் அப்பாவுக்கு நானே வாசிக்க வேண்டும். ஒன்று, ரத்தக் கசிவு. இரண்டு, மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியே ஒழுகுதல். மூன்று, கிருமித் தொற்று. நாலு, வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரை. ஐந்து, பார்வை இழப்பு. அதோடு தாளை மடித்து, "இங்க போடுப்பா," என்றேன்.

அப்பா பேனாவை வாங்கவில்லை. தாளை வாங்கி நிமிர்த்தினார். அவர் கேட்டில் தினமும் செய்வது இதைத்தான். லாரியில் எத்தனை பெட்டி, சீட்டில் எத்தனை பெட்டி.

"ஆறு நம்பர் போட்டுகிறான். நீ அஞ்சுதான் படிச்ச."

நான் தாளைத் திரும்ப வாங்கினேன்.

"படி."

"மிக அரிதாக உயிரிழப்பு," என்று வாசித்தேன்.

அவர் கையெழுத்துப் போட்டார். ஏழுமலை என்பதில் 'லை' எப்போதும் கோட்டுக்கு வெளியே போகும், அன்றைக்கும் போனது. பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார். அதற்குப் பிறகு அவர் வார்டுக்குள் வரவில்லை. நான் மறைத்தது அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். படிக்க வைத்ததற்கு இதுதான் பலனா என்று நினைத்திருப்பாரோ என்றும் தோன்றியது.

தியேட்டருக்குள் மயக்க டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, "நாக்கு பெருசு, குழாய் போட நேரம் ஆகும்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. கையில் ஊசி. கூரையில் விளக்கு. பக்கவாட்டில் எதுவும் தெரியாததால் சத்தங்கள் மட்டும். தரையில் எதையோ இழுக்கும் சத்தம். தலையைத் திருப்பினேன். ஸ்டூல். ஆபரேஷன் செய்யும் டாக்டர் அதன் மேல் ஏறி நின்று, கையை என் நெஞ்சுக்கு மேலே நீட்டிப் பார்த்தார்.

"போதுமா மேடம்?" என்றார் நர்ஸ்.

"இன்னும் ஒரு இன்ச் உள்ள தள்ளுங்க."

நர்ஸ் காலால் தள்ளினார். டாக்டர் மறுபடி ஏறிப் பார்த்தார். மறுபடி இறங்கினார். அரை இன்ச் வெளியே. மூன்று முறை. யாரும் மார்க்கில் நில்லுங்கள் என்று சொல்லவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன், நாலாவது முறை இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

விழித்தபோது மூக்கு இரண்டும் பஞ்சால் அடைத்திருந்தது. வாயால்தான் மூச்சு. நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தொடையில் ஒரு தையல்; அங்கிருந்து கொஞ்சம் கொழுப்பை எடுத்து உள்ளே குழியை அடைத்திருக்கிறார்கள். தும்மக் கூடாது, மூக்குச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது. ஒவ்வொரு மணிக்கும் சிறுநீரை அளந்தார்கள். அந்தச் சுரப்பி கோபித்துக்கொண்டால் உடம்பில் உள்ள தண்ணீரெல்லாம் வெளியே போய்விடுமாம். "தொண்டையில உப்பாத் தண்ணி இறங்குதா?" என்று வருபவர்கள் எல்லாம் கேட்டார்கள். மூளை நீர் கசிந்தால் அப்படித்தான் தெரியுமாம். எச்சில் விழுங்கவே பயமாக இருந்தது. அழுதாலும் உப்புதான் தெரியும் என்பதால் அழவும் பயம்.

கண்ணைப் பற்றி யாரும் உடனே சொல்லவில்லை. முகம் வீங்கியிருந்தது, பொறுங்கள் என்றார்கள்.

மூன்றாம் நாள் அறைக்கு மாற்றினார்கள். அம்மா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ஏதோ பச்சையாக அசைந்தது. திரும்பவில்லை. மறுபடி அசைந்தது.

"அம்மா, பச்சைப் புடவையா கட்டிகினு கீற?"

கரண்டி நின்றது. "திரும்பாத," என்றார். "திரும்பாம சொல்லு. இப்ப இன்னா பண்றேன்?"

"கைய ஆட்டுற."

அம்மா வலப்பக்கம் ஓடி வந்தார். "இப்ப?"

கொஞ்ச நேரம் பார்த்தேன். "கீழ ஆட்டுனா தெரியுது. மேல தெரியல."

"வந்துடும்," என்றார். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனபோது கேட்டில் மெஷின் சிவப்பு காட்டியது, நாலாவது முறையாக முகத்தைப் பதிந்தார்கள். கம்பெனி டாக்டர் ஃப்ளோருக்கு அனுமதி கொடுத்தார், வலப்பக்கம் திரும்பிப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், மூன்று மாத ரிப்போர்ட் வந்தபின் மறுபடி பார்ப்போம் என்ற நிபந்தனையோடு.

முதல் வாரமே பதினான்காம் ஸ்டேஷனுக்கு ஒரு படிமேடை எழுதிக் கொடுத்தேன். பட்ஜெட்டில் இடமில்லை என்று திரும்பி வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் என் காசில் செய்து எடுத்துவந்தேன். மாரிக்கனி அக்கா ஏறி நின்றார். இறங்கினார். "கொஞ்சம் உள்ள தள்ளுங்க சார்." தள்ளினேன். மறுபடி ஏறினார்.

"எட்டுதா?"

"எட்டுது. ஆனா ஒண்ணு கேக்கேன் சார். ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டூல் வர ஒவ்வொரு தடவையும் நீங்க மண்டையில ஆபரேஷன் பண்ணணும்னா, இந்த லைன்ல இன்னும் ஏழு பேரு இருக்கோம்."

அந்த ஷூ சப்ளையர் மேல் தவறில்லை, தவறு என்னுடையது என்று ஒரு கடிதமும் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். பார்ப்போம் என்றார். ஆர்டர் அவர்களுக்குத் திரும்பவில்லை.

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு அப்பாவோடு போனேன். கேட்டில் இருந்த ஆஸ்பத்திரி செக்யூரிட்டி அப்பாவைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னா நைனா, இன்னிக்காவது உக்காருவியா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங்கப்பாவா தம்பி? அன்னிக்குக் காலைல இந்தத் தூண் ஓரமா நின்னாரு. சேர் போட்டேன், வாணான்னுட்டாரு. டீ குடுத்தேன், நின்னுகினே குடிச்சாரு. ஆபரேஷன் முடிஞ்சுதுன்னு உங்கம்மா வந்து சொல்ற வரைக்கும் அசையல. அஞ்சே கால் மணி நேரம். ஏன் நைனா உக்கார மாட்டேன்றன்னு கேட்டா..."

"வுடு சார்," என்றார் அப்பா.

"'உள்ள அந்தம்மா நின்னுகினு கீறாங்க, நான் இன்னா உக்கார்றது'ன்றாரு."

அப்பா கேட்டில் நுழையும் ஆம்புலன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனோம்.

கிண்ணத்துக்குள் தலையை வைத்துப் பட்டனை அழுத்தினேன். இடது கண் ஏறக்குறைய முழுதும் வந்துவிட்டது. வலது கண்ணில் மேல் மூலை கறுப்பாகவே இருக்கிறது. இனி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். ரத்தத்தில் ஹார்மோன் இறங்கியிருக்கிறது, இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. ரத்தக்குழாயை ஒட்டியிருந்த கட்டியில் கொஞ்சம் விட்டிருக்கிறார். கை அங்கே போக வேண்டாம் என்று அவரே நிறுத்திக்கொண்டாராம். அடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு மாதாமாதம் ஊசி போடுவதா என்று முடிவு செய்வார்கள். வேலைக்கான சான்றிதழில் 'ஆறு மாதம் வேலை பார்க்கலாம்' என்று மட்டும் எழுதினார். அதற்குப் பிறகு என்ன என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெளியே வரும்போது அப்பா என் வலப்பக்கம் நடந்தார். இப்போதெல்லாம் எங்கே போனாலும் அந்தப் பக்கம்தான்.

ஸ்கேன், சோதனைகள், ஆபரேஷன், ஆறு நாள் கட்டில், மருந்து, போக வர வண்டி எல்லாம் சேர்த்து நாலு லட்சத்து எழுபத்தொன்றாயிரத்து முந்நூறு ரூபாய். இன்சூரன்ஸ் மூன்று லட்சம் கொடுத்தது. மீதிக்கு அம்மாவின் செயினும், அப்பா தன்னை வேலைக்கு வைத்திருக்கும் செக்யூரிட்டி கான்ட்ராக்டரிடம் வாங்கிய கடனும் போயிற்று. படிமேடைக்கு வெல்டிங் பட்டறையில் தொள்ளாயிரத்து ஐம்பது. அதையும் இந்த நோயின் செலவிலேயே சேர்த்திருக்கிறேன். ஆக, இன்றைய தேதிவரை எங்களுக்கு ஆனது ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.